வெள்ளரிப் பச்சடியில் ஒளிந்திருக்கும் உப்பு

"உப்பை ரொம்பக் குறைச்சிட்டேன் டாக்டர். மத்தியானம் கொஞ்சம் சோறு, ஒரு கிண்ணம் வெள்ளரிப் பச்சடி, அவ்வளவுதான்" என்றார், ரத்தக் கொதிப்புக்காக வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர். ஆனால் கொதிப்பு இறங்கவில்லை. கூட வந்த மருமகளிடம் செய்முறையைக் கேட்டேன். நறுக்கிய காயில் இரண்டு டீஸ்பூன் உப்பைப் பிசிறி, அரை மணி நேரம் வைத்து, பிழிந்து, நீரைக் கொட்டிவிட்டு, தயிரில் மறுபடியும் உப்புப் போடுவாராம்!

வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு நீர். பிழிந்தால் அந்த நீரோடு சத்தும் போகிறது. உப்பில் ஒரு பங்கு காயிலேயே தங்கிவிடுகிறது. ஒருவருக்கு நாள் முழுக்க 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பு போடலாமா என்பார்கள். அதிலும் சோடியம்தான் இருக்கிறது.

இரண்டு பிஞ்சு வெள்ளரியைக் கழுவித் தோலோடு நறுக்குங்கள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் அந்தக் காயே வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். உப்பால் கசப்பை மறைக்காதீர்கள். புளிக்காத தயிர், வறுத்துப் பொடித்த சீரகம், மிளகுத்தூள், கொத்துமல்லி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேருங்கள். புளிப்பும் காரமும் இருந்தால் நாக்கு உப்பை அதிகம் தேடாது. நாலு பேருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, அதுவும் பரிமாறும் நேரத்தில். பக்கத்திலேயே அப்பளமும் ஊறுகாயும் வைத்தால் போச்சு!

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சடியை நம்பிக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியருக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.