வேருக்கும் மூச்சு வேண்டும்

(பத்தாம் வகுப்பு மாணவி, தோட்டக் குழுவினருக்காக)



மலரை விரும்பாதவர் இல்லை. அதன் நிறத்தைப் பாராட்டுகிறோம், மணத்தைப் புகழ்கிறோம். ஆனால் அம்மலரைத் தந்த செடியின் வேரை நினைப்பவர் மிகச் சிலரே. வேர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கருத்திலும் நிற்பதில்லை.

நம் பள்ளிச் சிற்றாலயத் தாழ்வாரத்தில் ஓர் ஆந்தூரியம் செடி இருப்பதை அனைவரும் அறிவீர்கள். முன்பு பத்தாம் வகுப்பை முடித்துச் சென்ற அக்காமார் பள்ளிக்கு நினைவாகத் தந்த செடி அது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரே தொட்டியில் இருந்தமையால் இலைகள் சிறுத்து, பூப்பதும் நின்றுபோயிருந்தது. "இதைத் தொட்டி மாற்றிக் காப்பாற்றித் தாருங்கள், பிள்ளைகளே" என்று சிற்றாலயப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் எங்கள் தோட்டக் குழுவிடம் கேட்டுக்கொண்டார். அப்பணிக்காக நாங்கள் படித்தும் செய்தும் அறிந்தவற்றை இங்கே கூறுகிறோம்.

ஆந்தூரியத்தின் தாயகம்

ஆந்தூரியம் நம் நாட்டுச் செடியன்று. தென்னமெரிக்காவில் கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் மழைக்காடுகளே அதன் பிறப்பிடம். 1876ஆம் ஆண்டு எதுவார் ஆந்த்ரே என்னும் பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவில் அதைக் கண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் பெயரே அவ்வினத்தின் தாவரவியல் பெயரில் இடம் பெற்றுள்ளது. 1889இல் அது ஹவாய்த் தீவுகளைச் சென்றடைந்தது. இன்று ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளிலும், கேரளத்திலும், இலங்கையிலும் விற்பனைக்காக வளர்க்கப்படுகிறது.

அயல்நாட்டுச் செடியாயினும் நம் சமையலறைக்கு அது உறவுதான். சேம்பு, சேனை, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. நாம் பூ என்று சொல்லும் சிவந்த பகுதி உண்மையில் பூவன்று. நிறம் பெற்ற மடலே. தென்னம்பாளையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நடுவே வால்போல் நீண்டிருக்கும் தண்டில் நெருக்கமாக அமைந்துள்ள சின்னஞ்சிறு புள்ளிகளே உண்மையான பூக்கள். ஆந்தூரியம் என்னும் சொல்லும் கிரேக்க மொழியில் பூ, வால் என்னும் இரு சொற்களிலிருந்து பிறந்ததே.

காட்டில் இச்செடி மரங்களைப் பற்றிக்கொண்டும், மட்கிய இலைக் குவியலில் வேரூன்றியும் வளர்கிறது. மரத்திடம் இடம் பெறுகிறதே தவிர அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழை பெய்யும்போது வேர்கள் நனைகின்றன. மழை விட்டதும் நீர் வழிந்து, காற்று அவற்றைத் தழுவுகிறது. இப்படி வாழ்ந்து பழகிய வேரைக் களிமண்ணில் புதைத்தால் என்னவாகும்?

வேர் சுவாசிக்கும் விதம்

இலை மட்டுமே சுவாசிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். வேரின் ஒவ்வோர் உயிரணுவும் ஆக்சிஜனைப் பெற்றுச் சுவாசிக்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டுதான் வேர் வளர்கிறது. உப்புச் சத்துகளை உள்ளிழுக்கிறது. மண் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளின் வழியே அதற்குக் காற்று கிடைக்கிறது.

அவ்விடைவெளிகள் நீரால் நிறைந்துவிட்டால் காற்று வெளியேறிவிடும். காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். எனவே வேர் மூச்சின்றித் திணறி இறக்கிறது. இறந்த வேரைப் பூஞ்சைகள் அழுகச் செய்கின்றன. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே தொட்டி நிறைய ஈரம் இருந்தும் இலை வாடுகிறது. அதைக் காண்பவர், "ஐயோ, தண்ணீர் போதவில்லை போலும்!" என்று மேலும் ஒரு குவளை ஊற்றுகிறார். வீட்டுச் செடிகள் பல இவ்வாறே அன்பினால் மடிகின்றன.

எவ்வளவு பெரிய தொட்டி?

இந்தக் கேள்வியில் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. மாதா கெபிக்கு அருகில் பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று காலியாக இருந்தது. அதில் வைத்தால் செடி விரைவில் பெருகும் என்றனர் சிலர். வளரும் பிள்ளைக்குச் சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைப்பது நம் வீடுகளில் வழக்கந்தானே! ஆனால் செடிக்கு அது பொருந்தாது என்று தாவரவியல் ஆசிரியை விளக்கினார்.

தொட்டி மிகப் பெரிதானால் அதிலுள்ள கலவையும் மிகுதி. அது பிடித்துவைக்கும் நீரும் மிகுதி. சிறிய வேர்க்கூட்டத்தால் அவ்வளவு நீரையும் உறிஞ்ச இயலாது. வேர் எட்டாத பகுதி நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். எனவே பழைய தொட்டியைவிட 2 அங்குலம் மட்டுமே அகலமான தொட்டி போதும். எங்கள் செடி 8 அங்குலத் தொட்டியில் இருந்தது. 10 அங்குல மண்தொட்டியைத் தேர்ந்தெடுத்தோம்.

அடியில் கல் நிரப்பலாமா?

நீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் ஜல்லியைத் தடிமனாகப் பரப்புவது பலரது வழக்கம். அது பயன் தருமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்.

நீண்ட சதுரமான ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்கு ஊறவைத்துப் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். நீர் சொட்டிச் சொட்டி நின்றுவிடும். இப்போது பிழியாமல், அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டும்! நுண் துளைகள் நீரைப் பிடித்துக்கொள்வதால் அடியில் ஓர் ஈர அடுக்கு எப்போதும் தங்கும். உயரம் மிகுந்தால் அந்த அடுக்குக்கு மேலுள்ள நீர் வடிந்துவிடும்; உயரம் குறைந்தால் முழுவதுமே ஈரமாக நிற்கும்.

தொட்டியில் பாதிக்குக் கல் நிரப்பினால் கலவையின் உயரம் குறைகிறது. ஈர அடுக்கு கல்லுக்குள் இறங்காமல், அதன் மேலே, வேருக்கு அருகிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தாலே போதும். நீர் வடிய வேண்டுமானால் கலவை முழுவதுமே பொலபொலப்பாக இருக்கவேண்டும்.

செய்முறை

1. காலம்: கோடை வெயில் தணிந்த பின்னும், ஐப்பசி அடைமழைக்கு முன்னும் செய்வது நல்லது. அதனால்தான் ஆடி மாதத்தைத் தேர்ந்தோம்.

2. கலவை: தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு, செங்கல் சில்லு 1 பங்கு, இலைமட்கு 1 பங்கு. மட்டைத் துண்டுகளை இரண்டு நாட்கள் நீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றவேண்டும். அதிலுள்ள உப்பும் கறையும் நீங்கும்.

3. கையுறை: இச்செடியின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண் படிகங்கள் உள்ளன. கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிப்பதும் இவற்றால்தான். கையுறை இல்லையேல் பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டிக்கொள்ளலாம். சிறு குழந்தைகள் இலையை வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

4. எடுத்தல்: முந்திய மாலையில் நீர் ஊற்றவேண்டும். மறுநாள் தண்டை விரல்களுக்கிடையே தாங்கிப் பிடித்து, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பை மெல்லத் தட்டினால் செடி கழன்று வரும். தண்டைப் பிடித்து இழுத்தல் ஆகாது.

5. வேரைப் பார்த்தல்: வெண்மையாக, உறுதியாக இருப்பது நல்ல வேர். பழுப்பாக, நொளுநொளுவென்று, நாற்றமுடன் இருப்பது அழுகிய வேர். கொதிநீரில் நனைத்துத் துடைத்த கத்தரியால் அழுகியதை மட்டும் வெட்டவேண்டும். எங்கள் செடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேர் அழுகியிருந்தது.

6. நடுதல்: தண்டிலிருந்து வெளியே நீளும் காற்று வேர்கள் கலவைக்குள் இறங்குமாறு செடியை வைத்து, விளிம்புக்கு 1 அங்குலம் கீழே வரை கலவையை நிரப்பவேண்டும். இலைகள் முளைக்கும் குருத்துப் பகுதி புதையக்கூடாது. கலவையை அழுத்தி இறுக்கவும் கூடாது. தொட்டியைத் தட்டினால் தானே அமரும்.

7. பின் பராமரிப்பு: நேர் வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வைக்கவேண்டும். விரலை 1 அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் நீர் ஊற்றாதீர்கள். ஆறு வாரங்கள் வரை உரம் வேண்டா. காயம்பட்ட வேரை உரத்தின் உப்பு கருகச் செய்யும்.

பொறுத்திருந்தோம்

இரண்டாம் வாரத்தில் அடியிலிருந்த இரு இலைகள் பழுத்து விழுந்தன. "செடி போய்விட்டதா, அக்கா?" என்று ஆறாம் வகுப்புத் தங்கைகள் நாள்தோறும் வந்து கேட்டனர். வேரில் ஒரு பகுதியை இழந்த செடி, தன்னால் தாங்க முடியாத முதிய இலைகளை உதிர்ப்பது இயல்பு என்று அவர்களுக்குச் சொன்னோம். சொன்னோமே தவிர, எங்களுக்கும் அச்சம் இருந்தது. அக்காமார் ஒப்படைத்துச் சென்ற செடியாயிற்றே!

ஏழாம் வாரத்தில் செம்பழுப்பு நிறத்தில் சுருண்ட இளங்குருத்து ஒன்று தோன்றியது. ஆந்தூரியத்தில் ஒவ்வோர் இலையின் கணுவிலும் ஒரு பூ தோன்றக்கூடும் என்பதால் அவ்விலையைக் கண்டபோதே எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. ஐப்பசி முடிவதற்குள் சிவந்த மடல் ஒன்று விரிந்தது. சிஸ்டர் அதைப் பறிக்காமல் தொட்டியோடே பீடத்தின் அருகில் வைத்தார்.

தோழியரே, நம் பள்ளியில் பத்தாம் வகுப்பே இறுதி வகுப்பு. இவ்வாண்டு நாங்கள் ஐம்பத்திரண்டு பேரும் வெவ்வேறு பள்ளிகளுக்குச் செல்லவிருக்கிறோம். சிலர் விடுதிக்கும் செல்வர். புதிய இடத்தில் முதல் மாதம் மதிப்பெண் சற்றுக் குறையலாம். முகமும் சற்று வாடலாம். பெற்றோரே, அப்போது உடனே உரம் இடாதீர்கள். வேர் பிடித்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்க்கவும் வேண்டா. கொஞ்சம் நிழலும், அளவான நீரும், மூச்சுவிட இடமும் தாருங்கள். குருத்து வரும்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, ஆந்தூரியம் இனி உங்கள் பொறுப்பு. அடுத்த தொட்டி 12 அங்குலம். மூன்று ஆண்டுகளுக்குள் மாற்ற மறவாதீர்கள்.