வகுப்பறையில் கிடைத்த இருவர்

கேள்வி: ஆராய்ச்சியில் மூழ்கிய உயிரியல் பேராசிரியர் இளங்கலை வகுப்பும் எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 24 ஆண்டுகள் இருந்த மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன், தொடக்கநிலை விலங்கியல் வகுப்பில் ஒரே ஒரு முறை, 1909-இல், பாடம் நடத்தினார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் இருவர், பின்னாளில் அவரது ஆய்வகத்தில் சேர்ந்த ஸ்டர்டிவான்ட், பிரிட்ஜஸ்! அங்கே பழ ஈக்களை வளர்த்த பால் புட்டிகளைக் கழுவ வந்த பிரிட்ஜஸ், புட்டியின் தடித்த கண்ணாடி வழியாகவே வித்தியாசமான கண் நிறமுள்ள ஈயைக் கண்டுபிடித்தார். என்ன கண் பாருங்கள்! ஸ்டர்டிவான்ட் 1911-இல், வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே இரவில் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். அப்போது அவரும் இளங்கலை மாணவர்தான். மார்கன் அன்று வகுப்புக்கே போகாமல் இருந்திருந்தால்? எனக்கு நினைக்கவே பதைக்கிறது.