பழைய ஜீப்பு வாங்கியோர் முதல் மாதத்தில் செய்யவேண்டுவன

ஐக்கிய சங்க அங்கத்தினர் தனியாகவோ சிலர் ஒன்றுகூடியோ பழைய ஜீப்பு வண்டி வாங்குவதுண்டு. விதையும் உரமும் கொண்டு செல்லவும், சேற்றுப் பாதையிலும் தேரி மணலிலும் சிக்காமல் ஏறவும், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி மிகவும் பயன்படும். ஆயினும் அதன் நோய் கண்ணுக்குப் புலப்படாத அடிப்பாகத்திலேயே மறைந்திருக்கும். ஆகவே முதலில் அடிப்பாகத்தைச் சோதித்துச் சீர்செய்க. வர்ணமும் மெத்தையும் பின்னர் ஆகட்டும்.

இவ்வண்டி இரண்டாம் உலக யுத்தத்திற்கென அமெரிக்காவில் தோன்றியது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு கம்பெனியார் ஆறு லட்சத்திற்கு மேற்பட்டவற்றைச் செய்தனர். 1947-இல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் இவ்வண்டிகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கினர். பின்னர் வந்த எம்.எம். 540 முதலிய டீசல் வண்டிகளும் அதே வழியில் வந்தவையே. இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் இரண்டு ஆக்ஸில், சக்தியை இரண்டிற்கும் பங்கிடும் டிரான்ஸ்பர் பெட்டி ஆகிய அமைப்பு இவை யாவற்றிற்கும் பொது.

நம் ஜில்லாவில் இரும்புக்குச் சத்துருக்கள் இரண்டு. ஒன்று, கடற்காற்றிலும் உப்பளப் பாதைகளிலும் உள்ள உப்பு. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை விரைவில் வளர்க்கும். மற்றொன்று வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு, ஆதிச்சநல்லூரை அடுத்த ஸ்ரீவைகுண்டம் பகுதியெல்லாம் நீரில் மூழ்கியது. அத்தகைய நீரில் கிடந்த வண்டியைத் துடைத்து, வர்ணம் பூசி விற்பது எளிது. வாங்கியவரோ சில மாதங்களில் ஆக்ஸில் பற்சக்கரங்களையே மாற்ற நேரிடும்.

முதற் சோதனை, சட்டம். வண்டியை மேட்டில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, அடியில் ஒரு சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கவும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலித்துப் பொருக்காக உதிரும். ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தில் பொருந்தும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் விசேஷமாகக் கவனிக்கவும். அடியில் மட்டும் புதுக் கறுப்பு வர்ணம் இருந்தால், அதன் கீழ் என்ன உள்ளதென்று சுரண்டிப் பார்த்தல் நலம். ஆசனத்தின் அடியிலும் முன்விளக்கின் உள்ளும் வண்டல் படிந்திருத்தல் வெள்ளத்தின் அடையாளமாகும்.

இரண்டாவது, எண்ணெய்கள். இஞ்சின், கியர் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ஆகிய ஐந்து இடங்களிலும் எண்ணெய் உண்டு. பால் கலந்த காப்பி நிறமாயிருந்தால் நீர் புகுந்துள்ளது. ஓடிச் சூடேறிய ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கும்பொழுது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கவே ஆக்ஸிலின் மேல் சிறு காற்றுத் துவாரம் உள்ளது; அதில் மண் அடைத்திராமல் பார்த்துக்கொள்ளவும். விற்றவர் சொல்லை நம்பியிராமல் ஐந்து எண்ணெய்களையும் மாற்றிவிடுவதே உத்தமம். அப்பொழுது எண்ணெய் ஊற்றும் மேல் திருகைத் திறந்த பின்னரே அடித்திருகைத் திறக்கவேண்டும். எண்ணெயை வடித்த பிறகு மேல் திருகு துருவேறித் திறக்க வராவிடில், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மூன்றாவது, ஓட்டம். இஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும் காலையில் கிளப்பிப் பார்க்கவும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், மிகுந்த கறும்புகை டீசல் சரியாக எரியாமையையும் காட்டும். முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைக்க, ஆட்டமிருந்தால் தாங்கிகள் தேய்ந்துள்ளன. டயர்கள் நான்கும் ஒரே அளவாகவும் ஒத்த தேய்மானமாகவும் இருத்தல் அவசியம். டயரின் பக்கத்தில் 3519 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

நான்கு சக்கர இழுப்பை மணலிலோ மண் பாதையிலோ மட்டும் பூட்டிப் பார்க்கவும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளுகின்றன. இழுப்பைப் பூட்டினால் இரு ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுழலவேண்டியிருக்கும். மணலில் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரஸ்தாவிலோ வழுக்க இடமில்லாமல், முறுக்கு முழுதும் பற்சக்கரங்களையே தாக்கும். அவ்விழுப்பு தேவைப்படாத காலத்திலும் மாதம் ஒருமுறை மண் பாதையில் சிறிது தூரம் பூட்டி ஓட்டினால், எண்ணெய் எங்கும் பரவும்.

பத்திரங்களையும் மறவற்க. சட்டத்திலும் இஞ்சினிலும் வெட்டியுள்ள எண்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவித்தல் கடமை. கடன் அடமானம் பதிவாகியிருப்பின், அது நீக்கப்பட்டதை உறுதிசெய்க.

இனி நித்திய பராமரிப்பு. உப்பளத்திலோ கடற்கரையிலோ சென்று திரும்பினால் அன்றே அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவவும். நீரில் இறங்கி ஏறியதும் பிரேக்கைப் பலமுறை மெல்ல அழுத்தி உலர்த்தவும். பின்பு எல்லா மூட்டுகளிலும் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதியது ஏற்றவும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதாகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும்.

எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய தூரம், செலவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வண்டியிலேயே வைக்கவும். பலர் கூடி வாங்கிய வண்டியானால் இது இன்னும் அவசியம். யார் எப்பொழுது என்ன செய்தார் என்பது தெரிந்திருந்தால், ஒருவர் கவனிப்பார் என்று மற்றவர் விட்டுவிடும் கேடு நேராது. பின்னால் மனஸ்தாபத்திற்கும் இடமிராது.