சாஃப்ட்பால்: மட்டை பிந்துவது ஏன்?

கேள்வி: சாஃப்ட்பாலில் வேகப்பந்தை அடிக்கும்போது மட்டை பிந்திவிடுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

பதில்: பெண்களுக்கான சர்வதேச ஆட்டத்தில் பந்து வீசும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி தூரம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்குள் அதைக் கடந்துவிடும். பந்து கையை விட்ட பிறகு ஆயத்தமாகும் மட்டையாளருக்கு நேரம் போதாது.

எனவே ஆயத்தம் முன்பே தொடங்க வேண்டும். பந்து வீசுபவரான பிட்சரின் கை சுழலும்போதே உடல் எடை பின்காலுக்கு மாற வேண்டும். பந்து விடுபடும் வேளையில் முன்காலைச் சிறிதளவு எட்டி ஊன்ற வேண்டும்; கைகள் மட்டும் பின்னாலேயே இருக்க வேண்டும். அடிக்கும்போது முதலில் இடுப்பு திரும்பும், பின் தோள், பின் கைகள், கடைசியில் மட்டை. வீச்சின் விசை இந்த வரிசையிலிருந்தே பிறக்கிறது.

பந்தைச் சந்திக்கும் இடமும் மாறும். உடலை ஒட்டி வரும் பந்தை பிளேட்டுக்கு முன்னாலேயே அடிக்க வேண்டும். வெளிப்பக்கப் பந்தைச் சற்று உள்ளே வரவிட்டு அடிக்கலாம். வேகம் குறைந்த சேஞ்ச்-அப் வந்தாலும், கைகள் பின்னால் இருந்தால் காத்திருக்க முடியும்.

பயிற்சியில் முதலில் ‘டீ’ எனப்படும் தாங்கியின் மீது பந்தை வைத்து, பந்தைச் சந்திக்கும் இந்த இடங்களைப் பழக வேண்டும். பிறகு, வேகத்தை மாற்றி மாற்றி வீசச் சொல்லி அடிக்க வேண்டும்.