பழைய வீட்டு ரோஜாவைப் புது பால்கனிக்குக் கொண்டு போகலாம்

மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவது உங்களுக்குப் புதிய காட்சி இல்லை. காலி செய்யும் நாளில் பீரோ, கட்டில் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். கொல்லையில் பாட்டி வைத்த பன்னீர் ரோஜா? வயதான செடியை வேரோடு தோண்டினால் பிழைப்பது கஷ்டம். குச்சி எடுத்து வையுங்கள். விதையில் வரும் செடி தாய் மாதிரி இருக்காது. குச்சியில் வருவது அதே செடிதான். ஆனால் இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று வரட்டும் என்று ஐந்தாறு குச்சி வைப்பது நல்லது.

பன்னீர் ரோஜா, ஆந்திரா சிவப்பு ரோஜா இரண்டும் குச்சியிலேயே நன்றாக வரும். நர்சரியில் வாங்கும் பெரிய பூ ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள், அவ்வளவு சுலபம் இல்லை. பூங்கொத்தில் வந்த ரோஜாத் தண்டை நட்டு ஏமாந்தவர்கள் நிறைய பேர். நானும்தான்.

பூத்து முடிந்த, பென்சில் கனமுள்ள கிளையில் 6 முதல் 8 அங்குலம் வெட்டுங்கள். மூன்று, நான்கு கணு இருக்கட்டும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள், வேர் அந்தக் கணுவை ஒட்டித்தான் கிளம்பும். மேலே இரண்டு இலை போதும். உரக்கடையில் வேர்விடும் ஹார்மோன் பவுடர் கிடைத்தால் அடி நுனியில் தொட்டுக்கொள்ளலாம். உருளைக்கிழங்கில் குத்தி நடும் வாட்ஸ்அப் வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். நம்ம ஊர் வெக்கையில் கிழங்கு அழுகி, குச்சியையும் கெடுத்துவிடும்.

ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளும் ஆற்று மணலும் சரிபாதி. உரம் வேண்டாம். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து வையுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது.

தண்ணீர்தான் நம்ம ஊர்ப் பிரச்சினை. பெசன்ட் நகர், அடையாறு கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். ஆர்ஓ மெஷினில் வெளியேறும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதையும் ஊற்றாதீர்கள். மழைநீர் அருமை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இருக்காது, ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் துளிர் வரும். இங்கேதான் பலரும் அவசரப்பட்டுத் தொட்டி மாற்றி, செடியைத் தொலைக்கிறார்கள். குச்சியில் சேமித்த சத்திலேயே துளிர் வந்துவிடும். வேர் வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இழுத்துப் பார்க்காதீர்கள்! வாரம் ஒரு முறை போனில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். துளிர் வாடாமல் வளர்ந்து, தொட்டியின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்தால் மாற்றலாம். பாட்டிலை ஒரே நாளில் எடுக்காமல், தினம் சில மணி நேரம் என்று பழக்குங்கள்.

அடைமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. அக்னி நட்சத்திர வெயிலில் வைத்தால் அநேகமாகக் காய்ந்துவிடும். பூச்சி, நோய் சந்தேகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தைத் தமிழிலேயே படிக்கலாம்.