வீட்டு மணம்

வெள்ளி இரவு வந்தால் நம்மவர் இல்லங்களில் சாம்பிராணி போடுவது வழக்கம். சுமத்ராவிலிருந்து வரும் இம்மரப்பிசினை அரபிகள் ‘லுபான் ஜாவி’ என்றழைத்தனர். இதைக் கடையில் நிறுத்து விற்கும் நாமே ஒன்று சொல்கிறோம்: சாம்பிராணி, துர்நாற்றத்தை மறைக்குமேயன்றி நீக்காது.

ஆகவே, முதலில் நாற்றத்தின் காரணத்தைத் தேடுங்கள். இந்நாட்டு ஈரக் காற்றில் அலமாரித் துணிகளிலும் மெத்தையிலும் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தாருங்கள். புழங்காத குளியலறையின் தரைக் குழாயில் நிற்கும் நீர் வற்றினால் சாக்கடை நாற்றம் மேலேறும். வாரம் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். கருவாட்டையும் பிளாச்சானையும் இறுக மூடிய போத்தலில் வையுங்கள்.

பிறகு சாம்பிராணி போடலாம். ஆனால் ஜன்னலை அடைத்துவிட்டுப் போடலாகாது. அப்புகை ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். கரி நெருப்பில் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கோ மணமே கிடையாது. மூடிய அறையில் அது உறங்குவோரின் உயிரையும் போக்கிவிடும். எனவே பெரியோர்களே, தாய்மார்களே, சட்டியிலுள்ள தணலை முற்றும் அணைத்த பின்னரே படுக்கைக்குச் செல்லுங்கள்.