பீடோங்கைத் தேடும்போது

அன்புள்ள தங்கச்சிக்கு,

கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் இருந்தபடியே தோட்டத்துப் பழைய செய்திகளைத் தேட முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் 1935இல் பிறந்த தமிழ் முரசும் இருக்கின்றன. கைப்பேசி போதும்.

ஆனால் தேடுபவர்கள் பலர் முதல் நாளே சலித்துவிடுகிறார்கள். பக்கத்து ஊர்க் கதையையே பார். 1947இல் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூடச்சொல்லிக் கெடா தோட்டங்களில் இறங்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசோடு மோதல்; ஒரு தொழிலாளி இறந்தார். இதைத் தேட 'தொண்டர் படை' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் போதாது. நிருபர் காதில் அந்தப் பெயர் எப்படி விழுந்ததோ! கள், கலவரம், கூலி, தோட்டத்தின் பெயர் என்று துரைமார் வாயில் புழங்கிய ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் தேடல் பெட்டி அச்சில் வந்த சொல்லை மட்டுமே அறியும்.

ஊர்ப்பெயரும் ஏமாற்றும். சுங்கை பட்டாணியின் இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதல் சொல்லின் 'ஏ', அன்று 'ஈ'; இரண்டாம் சொல்லின் 'ஈ', அன்று 'ஏ'.

போதாததற்கு, படத்தை எழுத்தாக மாற்றும் கருவி மை மங்கிய 'எச்'சை 'எல்', 'ஐ' என இரண்டாகப் படித்துவிடும். கெடா காணாமல் போகும். அப்போது சொல்லை விட்டுவிட்டு, பிப்ரவரி முதல் மே வரை தேதியை வரையறுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பதே வழி. தமிழ் இதழ்களில் தும்பிக்கை வைத்த பழைய 'னை', 'லை' வேறு கருவியைக் குழப்பும். தமிழ்நாடு அவற்றைக் கைவிட்டதே 1978இல்தான்.

அச்சுக்கு வெளியே போனால் இன்னும் சிரமம். சுல்தான் அப்துல் ஹமீது காலத்துக் கெடா கடிதங்களை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அவை ஜாவி எழுத்தில் இருப்பவை. இத்தகைய கையெழுத்துக்கு இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் உருவான டிரான்ஸ்கிரிபஸ் என்ற கருவி உதவக்கூடும்: சில பக்கங்களை மனிதர் படித்துத் தட்டெழுதிக் கொடுத்தால், அந்தக் கையின் வளைவுகளை அது பழகிக்கொள்ளும். ஜாவி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அதுவும் வீண்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். எந்தச் சொல், எந்தத் தேதி, எந்தத் தளம் என்று, ஒன்றும் கிடைக்காத தேடலையும் குறித்து வை. தளத்தில் புது இதழ்கள் சேரும்போது அதே சொல்லை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்